ஹோம்ஸ்கூலிங்ல எந்த முறை நம்ம வீட்டுக்கு ஒத்து வரும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

10 வருஷமா எங்க வீட்ல ஹோம்ஸ்கூலிங் ஓடுது. பெரியவ இப்ப ஸ்கூலுக்குப் போறா (அந்தக் கதை கடைசியில வரும்), சின்னவன் இன்னும் வீட்ல தான். புதுசா ஆரம்பிக்கறவங்க போன்லயும் நேர்லயும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத் தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் சொல்லும்போது ஏதாவது ஒண்ணு விட்டுப்போயிடுது, அதான் உக்காந்து எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விங்க எல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

ஹோம்ஸ்கூலிங்னா வீட்ல உக்கார வச்சு பாடம் நடத்துறது தானே அக்கா, அதுல முறைன்னு தனியா என்ன இருக்கு?

உக்கார வச்சு பாடம் நடத்துறதும் ஒரு முறை தான். பாடப்புத்தகம், டைம்டேபிள், வாரக் கடைசியில டெஸ்ட்டுன்னு ஸ்கூலை அப்படியே வீட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்கு 'ஸ்கூல் அட் ஹோம்'னு பேரு. நம்ம எல்லாரும் அப்படியே படிச்சு வந்ததால அதை ஒரு முறைன்னே நமக்குத் தோணாது, படிப்புன்னாலே அது தான்னு நினைச்சுக்கறோம்.

எந்த முறையை எடுத்தாலும் மூணு விஷயத்துக்கு அதுல பதில் இருக்கும். என்ன படிக்கறதுன்னு யார் முடிவு பண்றது, படிச்சது மனசுல நின்னுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது, ஒரு நாள் எப்படி ஓடணும். ஒரு முறையைப் பத்தி யாராவது ஆஹா ஓஹோன்னு சொன்னா இந்த மூணையும் கேளுங்க, பாதிக் குழப்பம் அங்கயே தெளிஞ்சிடும்.

என்னென்ன முறை இருக்கு, சுருக்கமா சொல்லிடுங்களேன்?

மாண்டிசோரி: மரியா மாண்டிசோரின்னு இத்தாலி டாக்டர், 1907ல ரோம்ல ஒரு ஏழைக் குடியிருப்புல முதல் 'குழந்தைகள் இல்லம்' ஆரம்பிச்சாங்க. பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி சாமான்களை அடுக்கி வச்சுட்டு, அது எடுத்து வேலை செய்யும்போது நடுவுல புகுந்து கெடுக்காம இருக்கணும், இது தான் அதோட உயிர். வால்டார்ஃப்: ரூடால்ஃப் ஸ்டைனர்னு ஒரு தத்துவவாதி 1919ல ஜெர்மனியோட ஸ்டுட்கார்ட்ல ஒரு சிகரெட் ஃபேக்டரி தொழிலாளிங்க பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது. கதை, பாட்டு, கைவேலை நிறைய, ஒரே பாடத்தை மூணு நாலு வாரம் தொடர்ந்து எடுப்பாங்க, எழுத்துப் படிப்பு 7 வயசு வாக்குல தான் ஆரம்பிக்கும். சார்லட் மேசன்: இங்கிலாந்து ஆசிரியை, 1842ல பிறந்து 1923ல இறந்தாங்க. நல்ல நடையில எழுதின முழுப் புத்தகங்கள், சின்னப் பிள்ளைன்னா ஒரு பாடம் 15, 20 நிமிஷம் தான், படிச்சதைப் பிள்ளை தன் வாயால திருப்பிச் சொல்லணும் (இதை நரேஷன்னு சொல்லுவாங்க), தினமும் வெளிய போய் செடி, பூச்சி பாத்து நோட்டுல வரையணும். 1891லயே வீட்ல படிக்கற பிள்ளைங்களுக்குத் தபால்ல பாடத்திட்டம் அனுப்பினவங்க, அதனால இது வீட்டுக்குள்ள சுலபமா பொருந்தும்.

கிளாசிக்கல்: ஐரோப்பாவோட பழைய இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை அப்படிங்கற மூணையும் பிள்ளையோட வயசுக்கு ஏத்த மூணு கட்டமா மாத்தி வச்சிருக்கு, 1947ல ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டுல பேசின பேச்சுல இருந்து இந்த யோசனை பரவுச்சு. சின்ன வயசுல மனப்பாடம், நடுவுல ஏன் எதுக்குன்னு வாதம், பெரிசானதும் எழுதிப் பேசிக் காட்டறது. யூனிட் ஸ்டடி: ஒரு தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு அதைச் சுத்தியே அறிவியல், வரலாறு, எழுத்து எல்லாம். அன்ஸ்கூலிங்: பிள்ளையோட ஆர்வம் எங்க போகுதோ அங்க நாமளும் போறது, அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1977ல இதுக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கறவங்களும் இருக்காங்க, அதுக்கு எக்லெக்டிக்னு பேரு, நாளாக நாளாக நிறைய பேர் அங்க தான் வந்து நிக்கறோம்.

சரி, இதுல எது தான் பெஸ்ட்?

எது பெஸ்ட்டுன்னு நீங்க தேடிக்கிட்டு இருக்கற வரைக்கும் கிடைக்காது, நானும் ரெண்டு வருஷம் தேடினவ தான். முறையைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டு நாளைப் பாருங்க. ஒரு வாரம் ஒண்ணுமே மாத்தாம, காலையில எந்திரிக்கறதுல இருந்து தூங்கற வரைக்கும் எந்த நேரத்துல வீடு அமைதியா இருக்கு, பிள்ளைக்கு எப்போ சுறுசுறுப்பு, உங்களுக்கு எப்போ பொறுமை தீருது, இதை மட்டும் ஒரு நோட்டுல குறிச்சு வாங்க. என் நோட்டுல மதியம் 2 மணிக்கு மேல எழுதினது எல்லாமே சண்டை தான், அதுக்கப்புறம் மதியப் பாடத்தையே எடுத்துட்டேன்.

எந்த முறையும் நல்ல நாள்ல எல்லாருக்கும் ஓடும். உடம்பு சரியில்லாத நாள்ல, ராத்திரி தூக்கம் இல்லாத நாள்ல, சின்னது அழுதுக்கிட்டு இருக்கற நாள்ல உங்களால அதுல எவ்ளோ செய்ய முடியும்னு பாருங்க, அது தான் உங்க வீட்டுக்கான அளவுகோல். வால்டார்ஃப் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அதுல அம்மா தினம் கதையை மனசுல ஏத்திக்கிட்டு புத்தகம் பாக்காம சொல்லணும், பாட்டு பாடணும், கைவேலைக்கு எல்லாம் தயார் பண்ணணும், என்னால முடியல. புத்தகத்தைத் திறந்து 15 நிமிஷம் வாசிக்கறது காய்ச்சல்ல கூட முடிஞ்சுது, அதான் சார்லட் மேசன் எங்க வீட்ல நிலைச்சது.

என் பொண்ணு விஷுவல் லேர்னர், அவளுக்கு எந்த முறை செட் ஆகும்?

பிள்ளைங்களை விஷுவல் (பாத்துப் படிக்கறது), ஆடிட்டரி (கேட்டுப் படிக்கறது), கினஸ்தெட்டிக் (செஞ்சு படிக்கறது)னு பிரிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக்குடுத்தா நல்லா படிக்கும்னு ரொம்ப காலமா ஒரு பேச்சு இருக்கு. 2008ல ஹரால்ட் பாஷ்லர்னு ஒரு உளவியலாளரும் அவர் கூட மூணு பேரும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்து அலசினாங்க, அந்தப் பேச்சை நிரூபிக்கற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு தான் முடிவு வந்துச்சு. பிள்ளைக்குப் படம் பிடிக்கும்ங்கறது உண்மையா இருக்கலாம், அதனால படத்துல சொன்னா தான் ஏறும்ங்கறது வேற விஷயம். எப்படிச் சொல்றதுங்கறதைப் பாடம் தான் முடிவு பண்ணும், வரைபடத்தைப் பாத்து தான் படிக்கணும், பாட்டைக் கேட்டு தான் படிக்கணும், யாரா இருந்தாலும்.

பிள்ளைகிட்ட கவனிக்க வேண்டியது வேற. தனியா விட்டா எவ்ளோ நேரம் ஒரு வேலையில இருக்கா, தப்பு வந்தா உடனே தூக்கிப் போடறாளா இல்ல மறுபடி பண்றாளா, அடுத்து என்னன்னு முன்னாடியே தெரிஞ்சா தான் நிம்மதியா இருக்காளா. அடுத்து என்னன்னு தெரிஞ்சே ஆகணும்ங்கற பிள்ளையை அன்ஸ்கூலிங்ல விட்டா அது தவிக்கும், இதை நேர்ல பாத்திருக்கேன்.

நாங்க ரெண்டு பேருமே வேலை பாக்குறோம், இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், ஆனா பிள்ளையைப் பாத்துக்க யாராவது பெரியவங்க பக்கத்துல இருக்கணும், அதுல சமரசமே கூடாது. படிப்பு நேரம் நீங்க பயப்படற அளவுக்கு இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் உக்காந்து சொல்லும்போது 6, 7 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு தாராளமாப் போதுமா இருந்துச்சு, 10 வயசுல அது இரண்டரை, மூணு மணி நேரம் ஆச்சு. காலையில அரை மணி, சாயங்காலம் ஒரு மணின்னு பிரிச்சுக்கலாம், சனி ஞாயிறும் கணக்குல வரும்.

நீங்க கூடவே இருந்தா தான் நகரும்ங்கற முறையைத் தவிர்த்துடுங்க. தனியா செய்யற கணக்கு புத்தகம், ஆடியோ புத்தகம், தானா எடுத்துச் செய்யற சாமான், இதுங்க உங்களுக்கு உதவும்.

போன மாசம் தான் ஸ்கூல்ல இருந்து நிறுத்தினோம், உடனே எந்த முறையில ஆரம்பிக்கலாம்?

உடனே எதுலயும் ஆரம்பிக்காதீங்க. ஸ்கூல்ல இருந்து வந்த பிள்ளைக்கு அந்த மணி, ஹோம்வொர்க், மார்க் பயம் எல்லாம் மனசுல இருந்து இறங்கறதுக்கு நேரம் வேணும், அதுக்கு டீஸ்கூலிங்னு சொல்லுவாங்க. ஸ்கூல்ல இருந்த ஒரு வருஷத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு சொல்றாங்க, அது ஒரு குத்துமதிப்பு தான், சில பிள்ளைங்க சீக்கிரம் வந்துடும். அந்த நாட்கள்ல வாசிச்சுக் காட்டுங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க, சேந்து விளையாடுங்க, மூணாவது கேள்வியில சொன்ன நோட்டை எழுதுங்க.

எங்க பொண்ணு முதல் மூணு வாரம் எது செஞ்சாலும் "இது மார்க்குக்கா?"ன்னு கேப்பா. ஒரு நாள் அவளே ஒரு பழைய டப்பாவைப் பிரிச்சு வீடு கட்டினா, முடிச்சுட்டு அந்தக் கேள்வியைக் கேக்கல, நான் கவனிச்சேன், அடுத்த வாரம் தான் புத்தகத்தைத் திறந்தோம்.

மாண்டிசோரி பிடிச்சிருக்கு, ஆனா அந்த சாமான் எல்லாம் வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். பிங்க் டவர்னு ஒண்ணு பாத்திருப்பீங்க, 1 சென்டிமீட்டர்ல இருந்து 10 சென்டிமீட்டர் வரைக்கும் 10 மரக்கட்டை. அழகா இருக்கும், ஆனா அதை வாங்கி அலமாரியில வச்சா மாண்டிசோரி ஆயிடாது. பிள்ளை எடுத்து, செஞ்சு, தன் தப்பைத் தானே பாத்து, திருப்பி அதே இடத்துல வைக்கணும், முக்கியம் அது தான்.

ரெண்டு சின்ன ஜக், ஒரு தட்டு, ஒரு ஸ்பாஞ்ச் போதும். ஒரு ஜக்ல பாதி தண்ணி, அதை இன்னொண்ணுக்கு ஊத்தணும். என் பையன் மூணு வயசுல செஞ்சப்போ முதல் நாலு தடவையும் சிந்துச்சு, "பாத்து பாத்து"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அவன் தட்டுல தண்ணியைப் பாத்தான், ஸ்பாஞ்சை எடுத்து ஒத்தினான், பிழிஞ்சான், மறுபடி ஊத்தினான், ஊத்தற ஜக்கோட மூக்கை இன்னொரு ஜக்கோட விளிம்புல ஒட்ட வச்சா சிந்தாதுன்னு ஏழாவது தடவை அவனாவே கண்டுபிடிச்சான். தண்ணியே அவனுக்குச் சொல்லிக்குடுத்துடுச்சு. நீங்க வாயை அடக்கிக்கிட்டு இருக்க முடியுமான்னு தான் உங்களை நீங்க கேட்டுக்கணும், சாமான் அப்புறம்.

நரேஷன் பண்ணச் சொன்னா என் பையன் "தெரியல"ன்றான், அப்போ இந்த முறை அவனுக்கு இல்லையா?

அதுக்குள்ள விட்டுடாதீங்க. நிறைய பேர் ஒரு அத்தியாயம் முழுக்க வாசிச்சுட்டு "என்ன புரிஞ்சுது சொல்லு"ன்னு கேக்கறாங்க, அது நமக்கே கஷ்டம். ஒரு பத்தி வாசிச்சு நிறுத்துங்க. சிலந்தி வலை பின்றதைப் பத்தி வாசிச்சப்போ என் பையனும் "தெரியல"ன்னு தான் ஆரம்பிச்சான், அடுத்த நாள் வாசிக்கறதுக்கு முன்னாடி நூல், காத்து, ஒட்டறதுன்னு மூணு வார்த்தையை பேப்பர்ல எழுதி அவன் முன்னாடி வச்சேன். வாசிச்சு முடிச்சதும் அதைப் பாத்துக்கிட்டே "அது நூலை விட்டுட்டு சும்மா நிக்கும்மா, காத்து கொண்டு போய் எங்கயாவது ஒட்டும், அப்புறம் தான் அது மேல நடக்கும், எல்லா நூலும் ஒட்டாது, ஒட்டாத நூல்ல காலை வச்சு போகும்"னு கடகடன்னு சொல்லிட்டான்.

படிச்சதைத் திரும்பப் படிக்கறதை விட, நினைவுல இருந்து எடுத்துச் சொல்றது தான் ரொம்ப நாள் நிக்கும். 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வச்சுப் பாத்தாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சவங்க முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ நினைவுல இருந்து எடுத்து எழுதினவங்க முன்னாடி வந்துட்டாங்க. அதனால எந்த முறை எடுத்தாலும் இந்த ஒண்ணை விட்டுடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.

அன்ஸ்கூலிங்னா பிள்ளையை அப்படியே விட்டுடறது தானே?

விட்டுடறது இல்லை, அதுல அம்மா அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி. பிள்ளை இன்னைக்கு எதைக் கேக்குதுன்னு கவனிக்கணும், அதுக்கு புத்தகம் தேடணும், தெரிஞ்ச ஆள்கிட்ட கூட்டிட்டுப் போகணும், கேள்விக்கு எல்லாம் பொறுமையா உக்காந்து பேசணும். வீட்ல புத்தகமும் பேச்சும் பெரியவங்க செய்யற வேலைகளும் நிறைஞ்சு இருந்தா நல்லா ஓடும். பிள்ளை நாள் பூரா ஸ்க்ரீன்ல இருக்கு, நாம நம்ம வேலையில இருக்கோம்னா அதுக்கு அன்ஸ்கூலிங்னு பேரு வச்சுக்கக் கூடாது, இதை நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுவேன்.

ரெண்டு மூணு முறையைக் கலந்து பண்ணலாமா, இல்ல குழம்பிடுமா?

கலக்கலாம், ஒண்ணை நிலைப்படுத்திட்டு அடுத்ததைச் சேருங்க. கணக்கு ஒரு முறை, மொழி ஒரு முறைன்னு பாடத்துக்கு ஏத்த மாதிரி எடுத்தா குழப்பமே இல்லை. ஆனா சிலது ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. மாண்டிசோரியில 6 வயசுக்குள்ள நிஜ உலகம் தான் முதல்ல, கற்பனைக் கதை அப்புறம், வால்டார்ஃப்ல அந்த வயசுக்கு தேவதைக் கதை தான் சாப்பாடு மாதிரி. கிளாசிக்கல்ல சீக்கிரமே எழுத்தும் மனப்பாடமும் வந்துடும், வால்டார்ஃப்ல காத்திருப்பாங்க. இந்த மாதிரி இடத்துல ரெண்டையும் வச்சுக்கிட்டா பிள்ளையை விட நீங்க தான் தினமும் தடுமாறுவீங்க, ஒரு பக்கம் முடிவு பண்ணிடுங்க.

எல்லாம் ஓகே, கணக்கு மட்டும் பயமா இருக்கு, அதுக்கு எந்த முறை?

கணக்குக்கு மட்டும் வரிசை இருக்கற ஒரு புத்தகத்தைப் பிடிச்சுக்கோங்க, அன்ஸ்கூலிங் பண்றவங்க கூட நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. ஒரு படி விட்டுப்போச்சுன்னா மேல ஏற முடியாத பாடம் அது. ஆனா புத்தகத்துக்கு முன்னாடி கையில ஒரு சாமான் வேணும், அதை மாண்டிசோரியில இருந்து எடுத்துக்கோங்க.

'கடன் வாங்கிக் கழித்தல்' நம்ம எல்லாரும் ஏன்னு தெரியாமலே பண்ணினது தானே. குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க. 32ல 17 போகணும், மூணு கட்டு, ரெண்டு உதிரிக் குச்சி. ரெண்டுல இருந்து ஏழு எடுக்க முடியல, என் பொண்ணு கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரு கட்டோட ரப்பர் பேண்டைக் கழட்டிட்டா, இப்ப ரெண்டு கட்டு, 12 உதிரி. ஏழு எடுத்தா அஞ்சு, ஒரு கட்டு எடுத்தா ஒரு கட்டு, 15. "யார்கிட்டயும் கடன் வாங்கலயேம்மா, நம்மளோடதைத் தானே பிரிச்சோம்"னா. அப்போ தான் எனக்கே அது முழுசாப் புரிஞ்சுது.

8 வயசு ஆகுது இன்னும் வாசிக்க வரல, "லேட்டா வந்தா நல்லது தான்"னு சொல்றாங்க, காத்திருக்கலாமா?

லேட்டா ஆரம்பிக்கறது வேற, ஆரம்பிச்சும் வராம இருக்கறது வேற. 7 வயசுல தான் எழுத்தையே காட்டினீங்கன்னா 8 வயசுல தடுமாறறது சாதாரணம். ஆனா ஒரு வருஷமா ஒழுங்கா எழுத்தும் ஒலியும் சேத்துச் சொல்லிக்குடுத்தும், இந்த வரியில வாசிச்ச வார்த்தை அடுத்த வரியில மறந்துபோகுது, வார்த்தையை ஒலி ஒலியா பிரிக்க வரல, ஒரே மாதிரி முடியற வார்த்தைகளைக் கண்டுபிடிக்கத் தெரியல, குடும்பத்துல யாருக்காவது இதே கஷ்டம் இருந்திருக்குன்னா டிஸ்லெக்சியாவா (வாசிக்கறதுல வர்ற ஒரு கற்றல் குறைபாடு) இருக்கலாம். கண், காது டெஸ்ட் பண்ணிட்டு ஒரு நிபுணர்கிட்ட மதிப்பீடு பண்ணிடுங்க.

காத்திருங்கன்னு சொல்ற முறைங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த விஷயத்துல காத்திருந்து ரெண்டு வருஷத்தைத் தொலைச்ச குடும்பம் எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளை தன்னை மக்குன்னு நினைச்சுக்கிட்டது தான் எல்லாத்தையும் விட பெரிய வலி. டிஸ்லெக்சியா இருந்தா ஒலியில இருந்து படிப்படியா கட்டற, வரிசை இருக்கற வாசிப்புப் பயிற்சி வேணும், தானா வரும்னு விடக் கூடாது.

ஒண்ணுக்கு 10 வயசு, ஒண்ணுக்கு 4, ரெண்டு முறை ஓட்டணுமா?

கணக்கும் வாசிப்பும் தனித்தனி, மத்தது எல்லாம் சேத்து. யூனிட் ஸ்டடி இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். நாங்க பாலம்னு ஒரு தலைப்பு எடுத்தோம், சின்னவன் கட்டைய வச்சு கட்டினான், பெரியவ ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல ஒரு பேப்பரை வச்சு எத்தனை காசு தாங்குதுன்னு எண்ணினா. தட்டையா வச்சப்போ ரெண்டாவது காசுலயே தொங்கிடுச்சு, அதே பேப்பரை விசிறி மடிப்பா மடிச்சு வச்சதும் காசு தீர்ற வரைக்கும் நின்னுச்சு. ஏன்னு அவ எழுதினா, அவன் வரைஞ்சான்.

வீட்டுக்காரருக்கு டைம்டேபிள், டெஸ்ட் எல்லாம் வேணும், எனக்கு ஃப்ரீயா விடணும், தினமும் இதே சண்டை.

அவருக்கு டெஸ்ட் மேல ஆசைன்னு நினைக்காதீங்க, பிள்ளை படிக்குதுன்னு கண்ணால பாக்கணும்ங்கறது தான் அவர் தேவை. மாசம் ஒரு எழுத்து, ஒரு கணக்குப் பக்கம், ஒரு நரேஷன் ரெக்கார்டிங்னு தேதி போட்டு ஃபைல்ல வச்சுக் காட்டுங்க. எந்த முறையை எடுத்தாலும் 8 வாரம் அதையே பண்றதுன்னு பேசி முடிவு பண்ணுங்க, அந்த 8 வாரமும் ரெண்டு பேரும் குறுக்க பேசறதில்லைன்னு வச்சுக்கோங்க. முடிஞ்சா ஒரு பாடத்தை அவரே எடுக்கட்டும், அவர் வழியில. எங்க வீட்ல கணக்கு அவரோடது தான், அதுல டைம்டேபிள் இருக்கு, நான் தலையிடறதில்லை.

இந்த முறை ஒத்து வரலன்னு எப்போ தெரிஞ்சுக்கறது?

ஒரு வாரத்துல தெரியாது, ஆறு வாரமாவது குடுங்க. அதுக்குள்ள தினமும் ஒரே பாடத்துல அழுகைன்னா முதல்ல முறையை மாத்தாதீங்க, நேரத்தை மாத்திப் பாருங்க, பாடத்தோட நீளத்தைப் பாதியாக்குங்க, தூக்கம் போதுமான்னு பாருங்க. ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்தினா தான் எது வேலை செஞ்சுதுன்னு தெரியும். மாசத்துக்கு ஒரு புது பாடத்திட்டம் வாங்கிக்கிட்டே இருக்கோம்னா அது பிள்ளையோட பிரச்சனை இல்லை, நம்ம பயம், அதை நான் நல்லா அறிவேன். இதெல்லாம் பண்ணியும் பிள்ளை முகம் சுருங்கியே இருந்தா தயங்காம விட்டுடுங்க, போட்ட காசை நினைச்சு இழுக்க வேண்டாம்.

சட்டம், எக்ஸாம், காலேஜ் எல்லாம்? முறைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஜெர்மனியில ஹோம்ஸ்கூலிங்கே பொதுவா அனுமதி இல்லை, சில நாடுகள்ல பதிவு பண்ணணும், சில இடத்துல வருஷா வருஷம் மதிப்பீடு உண்டு. நீங்க இருக்கற இடத்து விதியை முதல்ல படிச்சுட்டு முறையைத் தேர்ந்தெடுங்க. மதிப்பீடு உண்டுன்னா அன்ஸ்கூலிங் பண்றவங்களுக்கும் தேதி போட்ட ரெக்கார்டு கட்டாயம், மேல சொன்ன ஃபைல் அதுக்கும் ஆகும்.

12 வயசு வரைக்கும் எந்த முறையும் கதவை மூடாது. அதுக்கு மேல எந்தத் தேர்வு எழுதப் போறாங்கன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே முடிவு பண்ணி பாடத்திட்டத்தை அதுக்குத் திருப்பணும். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவுல இருக்கற சர்வதேசத் தேர்வு) தனித்தேர்வரா எழுதலாம், அறிவியல்ல செய்முறைத் தேர்வுக்குப் பதிலா எழுத்துத் தாள் எடுக்கற வழியும் அதுல இருக்கு, ஆனா உங்களைச் சேத்துக்கற தேர்வு மையம் வேணும், அதை முதல்ல தேடுங்க.

பிள்ளையே "நான் ஸ்கூலுக்குப் போறேன்"னா?

பெரியவ 12 வயசுல கேட்டா. எனக்கு ரெண்டு நாள் மனசு சரியில்ல, எங்க தப்பு பண்ணிட்டோம்னு தோணுச்சு. கேட்டுப் பாத்தா அவளுக்கு தினமும் பாக்கற மாதிரி ஒரு கூட்டம் வேணும், குரூப்பா நாடகம் போடணும், அதை நாங்க குடுக்க முடியல. சேத்துவிட்டோம். பாடத்துல சிரமம் இல்ல, டைம் வச்சு எழுதறது தான் வரல, முதல் பரீட்சையில தெரிஞ்ச கேள்வி ரெண்டை எழுதாம வந்துட்டா. ஆறு வாரம் தினமும் சாயங்காலம் டைமர் வச்சு ஒரு பக்கம் எழுதினோம், சரியாயிடுச்சு. சனிக்கிழமை ஆனா இன்னமும் செடி, பூச்சி வரையற அந்த நோட்டை எடுத்துக்கிட்டு தம்பியோட வெளிய போயிடுவா, போன வாரம் ஒரு குளவிக் கூட்டை வரைஞ்சுட்டு வந்தாங்க.